மலைக்கு மழை தரும் இரண்டு சமுத்திரங்கள்

மழை தவறிய வருடங்களில் மவுஸ்சாகலை நீர்த்தேக்கம் இறங்கிக்கொண்டே போகும். முதலில் கரையோரச் சேறு வெடிக்கும். அப்புறம் 1960களின் கடைசியில் அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா மெல்ல வெளியே வரும். கோவில், விகாரை, பள்ளிவாசல் மூன்றின் மிச்சங்களும் தெரியும். தண்ணீர் வடிந்த சேற்றில் பலகை போட்டு நடந்துபோய்க் கோவிலைக் கும்பிட்டுவிட்டு வருவார்கள்.

சில வருடங்களுக்கு முன் அப்படி வெளியே வந்தபோது, நான் மாலையில் படிப்பிக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். தரம் பத்தில் படிக்கும் ஒரு பிள்ளை கரைக் கல்லில் உட்கார்ந்தபடி கேட்டாள்: "டீச்சர், எல் நினோவாலதான் தண்ணி வத்திப்போச்சுன்னு ரேடியோவுல சொன்னாங்க. அது எங்கயோ பசிபிக்குலதானே இருக்கு. நம்ம மலைக்கும் அதுக்கும் என்ன?"

நல்ல கேள்வி. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வியும் நிற்கிறது. காற்றில் பச்சைவீட்டு வாயுக்கள் கூடக் கூட, இந்தக் கடல்களின் போக்கு எப்படி மாறும்? இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

மலைநாட்டில் எல்லாருக்கும் ஒரே மழை பெய்வதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவந்து மேற்குச் சரிவில் மோதிக் கொட்டிவிடும். கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் அதில் நனையும் ஊர்கள். வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரம் தீர்ந்து வறண்டுபோகும். கச்சான் என்று சொல்வது அதைத்தான். ஜூலை, ஆகஸ்டில் பண்டாரவளைப் பக்கம் அது வீசும்போதுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற வாசம் ஏறுகிறது. டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வரும். அப்போது பதுளைப் பக்கம் நனையும், ஹற்றன் பக்கம் குளிர்ந்து காயும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இடைப்பருவ மழை உண்டு. மார்ச், ஏப்ரலில் ஒன்று. ஒக்டோபர், நவம்பரில் இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது. காலையில் வெயில், மத்தியானத்துக்குமேல் இடி, சாயங்காலம் வடிகான் எல்லாம் செம்மண் தண்ணீர் என்று ஓடும் மாதங்கள். மண் ஊறி ஊறிக் கனத்துப்போகும் காலமும் இதுதான். கொஸ்லந்தை மீரியபெத்தையில், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களோடு மலைச்சரிவு இறங்கியது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. அந்தத் திகதியை மலைநாட்டில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

சரி, இந்த மழைகள் ஒரு வருடம் கூடுவதும் ஒரு வருடம் குறைவதும் எதனால்?

லயத்து அடுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். விறகு எரியும் இடத்தில் காற்று சூடாகி மேலே எழும்பும். புகை கூரைத் தகரத்தைத் தொட்டுப் பரவி, எதிர்ச் சுவர்ப் பக்கம் ஆறிக் கீழே இறங்கும். தரையோடு கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்று அடுப்பை நோக்கி ஓடிவரும். அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தால் முகம் சுடும், முதுகு சில்லென்று இருக்கும். பசிபிக் சமுத்திரத்தின் மத்தியகோட்டுப் பகுதியும் இப்படி ஒரு பெரிய அடுப்படிதான். அடுப்பு இருப்பது மேற்கில், இந்தோனேசியாவைச் சுற்றி. அங்கே கடல்மேற்பரப்பு 28 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கும். காற்று ஈரத்தோடு எழும்பி மேகமாகி மழையாகக் கொட்டும். எழும்பிய காற்று உயரத்தில் கிழக்கே போய், தென்னமெரிக்காவுக்கு முன்னால் இறங்கி, கடல்மட்டத்தோடு திரும்ப மேற்கே வீசும்.

தரையோடு வீசும் அந்தக் காற்றுதான் கதையின் நாயகன். அது சூடான தண்ணீரை மேற்கே தள்ளிக் குவிக்கிறது. குவிப்பு எவ்வளவென்றால், இந்தோனேசியப் பக்கம் கடல்மட்டமே தென்னமெரிக்கப் பக்கத்தைவிட ஏறத்தாழ அரை மீற்றர் உயர்ந்து நிற்கும். தண்ணீர் தள்ளப்பட்ட கிழக்குப் பக்கத்தில், பெரு நாட்டுக் கரையோரம், ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. நீர்த்தேக்கத்தில் இறங்கிக் குளித்தவர்களுக்குத் தெரியும்: மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், கால் எட்டும் ஆழத்தில் பனிக்கட்டி போலக் குளிரும். கடலிலும் சூட்டுத் தண்ணீருக்கும் குளிர்த் தண்ணீருக்கும் நடுவில் அப்படி ஓர் எல்லை இருக்கிறது. மேற்கில் அது ஆழத்தில், கிழக்கில் கிட்டத்தட்ட மேற்பரப்பில். ஆக, மேற்கு சூடாகவும் கிழக்கு குளிராகவும் இருப்பதால் காற்று வீசுகிறது. காற்று வீசுவதால் மேற்கு சூடாகவும் கிழக்கு குளிராகவும் இருக்கிறது. ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கிற ஏற்பாடு. 1969இல் ஜேக்கப் பியெர்க்னஸ் என்ற வானிலை அறிஞர் இதை விளக்கி, இந்தக் காற்றுச் சுற்றுக்கு வாக்கர் சுற்று என்று பெயர் வைத்தார். வாக்கர் யார் என்பதற்குப் பிறகு வருகிறேன், அவருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

ஒன்றையொன்று தாங்கும் ஏற்பாட்டில் ஒரு கை தளர்ந்தால் மற்றதும் தளரும். இரண்டு முதல் ஏழு வருடங்களுக்கு ஒருமுறை அந்தக் காற்று சோர்ந்துபோகிறது. குவிந்திருந்த சூட்டுத் தண்ணீர் கிழக்கே நழுவுகிறது. கிழக்கு சூடாகச் சூடாகக் காற்று இன்னும் சோர்கிறது. மழை மேகங்கள் இந்தோனேசியாவை விட்டுப் பசிபிக்கின் நடுவுக்கு இடம்பெயர்கின்றன. இதுதான் எல் நினோ. பெருவின் மீனவர்கள் நத்தார் காலத்தில் கடல் சூடாவதைக் கவனித்து, பாலன் இயேசுவை நினைத்து வைத்த பெயர். ஸ்பானிய மொழியில் ஆண் குழந்தை என்று பொருள். காற்று வழக்கத்தைவிடப் பலமாக வீசி, கிழக்கு இன்னும் குளிர்ந்துபோனால் அது லா நினா. 1982–83, 1997–98, 2015–16 ஆகியவை பெரிய எல் நினோ வருடங்கள். 2020 முதல் 2023 தொடக்கம் வரை லா நினா மூன்று குளிர்காலம் தொடர்ந்து நின்றது.

அடுப்பை அறைக்குள் நகர்த்தினால் வீடு முழுக்கப் புகையின் வழி மாறுமே, அப்படித்தான் இதுவும். மழைமேகம் இடம் மாறினால் உலகத்தின் பல மூலைகளில் காற்று ஏறும் இடமும் இறங்கும் இடமும் மாறுகின்றன. இலங்கையில் எல் நினோவின் கைரேகை பருவத்துக்குப் பருவம் வேறு. தென்மேல் பருவமழையை அது பொதுவாகக் குறைக்கும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையைக் கூட்டும். அதற்கடுத்து ஜனவரி முதல் மார்ச் வரை மறுபடி காயவைக்கும். "எல் நினோ என்றால் வறட்சி" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது அதனால்தான் எனக்குப் பிடிப்பதில்லை. அதே எல் நினோ ஆகஸ்டில் தண்ணீர் இல்லாமல் பண்ணும், நவம்பரில் வீட்டுக்குப் பின்னால் மண்ணை இறக்கும்.

இப்போது வாக்கர். 1876இல் தென்னிந்தியாவில் மழை பொய்த்தது. 1877இல் பசிபிக்கில் எழும்பிய எல் நினோ, பதிவுகளிலேயே மிகப் பலமானவற்றில் ஒன்று. அந்தப் பஞ்சத்தைத்தான் நம் பாட்டன்மார் தாது வருடப் பஞ்சம் என்றார்கள். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனதாகக் கணக்கு. மழை மட்டும் கொன்றதில்லை. பஞ்சத்துக்கு நடுவிலும் தானியத்தைக் கப்பலேற்றிய ஆட்சியும் கொன்றது. அந்த வருடங்களில் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். வழியில் விழுந்தவர்களும் ஏராளம். இந்த மலையில் நாம் இருப்பதற்கான காரணங்களில் பசிபிக் கடலின் சூடும் ஒன்று என்று பிள்ளைகளிடம் சொன்னபோது ஒருவரும் பேசவில்லை.

அடுத்தடுத்த பஞ்சங்களுக்குப் பிறகு, மழையை முன்கூட்டியே சொல்ல வழி தேடவேண்டும் என்று 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தவர் கில்பர்ட் வாக்கர் என்ற கணிதவியலாளர். உலகம் முழுவதுமிருந்து வந்த காற்றழுத்தக் கணக்குகளை வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார். பசிபிக்கில் அழுத்தம் கூடினால் இந்து சமுத்திரப் பக்கம் குறைகிறது, இங்கே கூடினால் அங்கே குறைகிறது என்று கண்டுபிடித்தார். ஒரு பெரிய ஏற்றப்பலகை போல. காரணம் என்னவென்று அவர் காலத்தில் யாருக்கும் பிடிபடவில்லை. பியெர்க்னஸ் அந்த ஏற்றப்பலகையையும் பெரு மீனவர்களின் சூட்டுத் தண்ணீரையும் சேர்த்து முடிச்சுப் போட்டதற்கு ஏறத்தாழ நாற்பது வருடம் ஆனது.

இதுவரை சொன்னதெல்லாம் இயற்கையின் ஆட்டம். தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பும் நடந்ததுதான். இதற்குள் மனிதனின் கை எங்கே வருகிறது?

நுவரெலியாவில் ஜனவரி இரவுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். வானம் துடைத்துவிட்டது போல நட்சத்திரம் தெரிகிற இரவில்தான் விடியற்காலை புல்லில் பனி உறையும், கொழுந்து கருகும். மேகம் மூடிய இரவில் அப்படி உறைவதில்லை. பகலில் மண் வாங்கிய சூடு இரவில் கண்ணுக்குத் தெரியாத கதிராக வானத்துக்குத் திரும்பப் போகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கை வாங்கித் திரும்பக் கீழே அனுப்புகிறது. மழைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் போர்த்துகிற கம்பளி தானாகச் சூடு உண்டாக்குவதில்லை, உடம்புச் சூட்டைப் போகவிடாமல் வைத்துக்கொள்கிறது. காபனீரொட்சைட்டும் மெதேனும் காற்றில் செய்வது இதே வேலையை, ஆனால் மேகம் இல்லாத இரவிலும், வருடம் முழுக்கவும், பூமி முழுக்கவும்.

கம்பளி தடிப்பாகிக்கொண்டே வருகிறது. நிலக்கரியும் எண்ணெயும் பெருமளவில் எரிக்கத் தொடங்குவதற்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. 1958இல் சார்ள்ஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது 315 வாக்கில் இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இதனால் மிஞ்சும் சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் போய்ச் சேர்வது காற்றில் இல்லை, கடலில். கடல்தான் இதுவரை நம்மைக் காப்பாற்றி வருகிறது. ஆனால் வாங்கிய சூட்டை அது சும்மா வைத்துக்கொண்டிருப்பதில்லை.

கடல் சூடானால் வாக்கர் சுற்று பலமாகுமா, சோருமா? இதில் அறிவியலாளர்கள் முப்பது வருடமாக வாதாடுகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. சோரும் என்பவர்களின் வாதத்தைக் கொழுந்துக் கூடையை வைத்துச் சொல்லலாம். வெப்பநிலை ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்கும். கூடை பெரிதாகிவிட்டது என்று வையுங்கள். ஆனால் உலகத்தின் மொத்த மழை அதே அளவுக்குக் கூட முடியாது. நீராவி மழையாகும்போது வெளிவிடும் சூட்டைக் காற்று வானத்துக்கு அனுப்பியாக வேண்டும், அதற்கு ஓர் எல்லை உண்டு. அதனால் மழை ஒரு பாகைக்கு இரண்டு, மூன்று சதவீதம்தான் கூடுகிறது. ஸ்டோரில் கொழுந்தை வாட்டுவதற்கு உள்ள இடம் கொஞ்சம்தான் பெரிதாகியிருக்கிறது, கூடையோ நிறையவே பெரிதாகிவிட்டது. அப்படியானால் கூடை தூக்கிக்கொண்டு நிறுவைக்கு நடக்கும் நடை குறையத்தானே வேண்டும்? அதேபோல, ஈரத்தைத் தூக்கிக்கொண்டு காற்று மேலே ஏறும் ஏற்றம் மெதுவாகும். வாக்கர் சுற்று தளரும். பசிபிக் கொஞ்சம் எல் நினோ முகம் காட்டும். காலநிலையைக் கணக்கிட்டுப் பார்க்கும் கணினி மாதிரிகளில் பெரும்பாலானவை சொல்வதும் இதைத்தான்.

மறுபக்கத்தார் ஆழத்துத் தண்ணீரைக் காட்டுகிறார்கள். பெருக் கரையில் மேலே வரும் குளிர்நீர் பல வருடங்களுக்கு முன் வேறெங்கோ மேற்பரப்பை விட்டு அமிழ்ந்தது. காற்றில் கம்பளி தடித்ததை அது இன்னும் அவ்வளவாக அறியாது. மேற்குப் பசிபிக் தங்குதடையின்றிச் சூடாகும். கிழக்கிலோ கீழிருந்து வரும் குளிர் அந்தச் சூட்டை ஆற்றிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூடும், காற்று பலமாகும், குளிர்நீர் இன்னும் அதிகமாக வரும். 1996இல் ஏமி கிளமெண்டும் சக ஆய்வாளர்களும் முன்வைத்த வாதம் இது.

கடல் என்ன செய்தது தெரியுமா? 1980 வாக்கிலிருந்து 2010களின் முதல் பாதிவரை காற்று பலமானது. உலகம் முழுக்கக் கடல் சூடாகிக்கொண்டிருந்தபோது கிழக்குப் பசிபிக்கின் ஒரு நீண்ட துண்டு மட்டும் சூடாகாமல், சில இடங்களில் குளிர்ந்தும் நின்றது. பெரும்பாலான மாதிரிகள் காட்டியதற்கு நேர்மாறு. அது இயற்கையின் நீண்ட ஊசலாட்டமா, மாதிரிகளின் குறையா என்பதே இன்றைய பெரிய கேள்வி. இது அறிவியலின் பலவீனம் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்காயிரம் வாக்கில் ஆர்கோ மிதவைகள் உலகக் கடல்களில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீற்றர் ஆழம்வரை இறங்கி ஏறி அளவெடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அளவு மாதிரியோடு ஒத்துப்போகாதபோது அதை மறைக்காமல் மேசையில் வைத்துச் சண்டை பிடிக்கிறார்களே, அந்த நேர்மைதான் எனக்கு இதில் நம்பிக்கை தருகிறது.

இந்தச் சண்டை எப்படி முடிந்தாலும் மாறாத ஒரு விஷயம் உண்டு, மலையில் இருக்கிற நமக்கு முக்கியமானது அதுதான். கடலின் சூடு ஏறி இறங்கும் அளவு மாறாமல் இருந்தாலும்கூட, அதனால் வரும் மழையின் ஏற்ற இறக்கம் பெரிதாகும். கூடை பெரிதல்லவா? கொட்டும் இடத்தில் முன்னைவிட அதிகமாகக் கொட்டும், காயும் இடத்தில் மண்ணின் ஈரத்தை முன்னைவிட வேகமாக உறிஞ்சும். 2021இல் வெளிவந்த ஐ.நா. காலநிலை அறிஞர் குழுவின் அறிக்கை, எல் நினோ, லா நினா சார்ந்த மழையின் ஊசலாட்டம் இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் பெருக மிக அதிக வாய்ப்பு உண்டு என்றது. கடல்சூட்டின் ஊசலாட்டம் பெருகுமா என்பதில் மாதிரிகளுக்குள் ஒற்றுமை இல்லை என்பதையும் அதே அறிக்கை ஒளிக்காமல் எழுதியது.

இன்னொரு சிறு விவரம் எனக்கு மனதைத் தைத்தது. எல் நினோ வந்துவிட்டதா என்று பார்க்க, பசிபிக்கின் நடுப்பகுதிச் சூடு வழக்கத்தைவிட அரைப் பாகை கூடியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த "வழக்கம்" என்பது முப்பது வருடச் சராசரி. கடல் தொடர்ந்து சூடாகிக்கொண்டே போவதால் அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனம் அந்தச் சராசரியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டி வந்தது. பழைய சராசரியையே பிடித்துக்கொண்டிருந்தால் நாளடைவில் சாதாரண வருடமும் எல் நினோவாகத் தெரியும். அளவுகோலையே நகர்த்த வேண்டிவந்திருக்கிறது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

பசிபிக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நம் வாசலில் கிடக்கிற இந்து சமுத்திரம் கோபித்துக்கொள்ளும். அதற்கும் ஒரு ஏற்றப்பலகை உண்டு. 1999இல் கேரளத்தைச் சேர்ந்த சஜியும் ஜப்பானின் யமகதாவும் கூட்டாளிகளும் அதை இனம்கண்டு, இந்து சமுத்திர இருமுனை என்று பெயர் வைத்தார்கள். சில வருடங்களில் ஆபிரிக்கப் பக்கம் சூடாகி, சுமாத்திராப் பக்கம் குளிர்ந்துபோகும். அது நேர் இருமுனை. அப்போது கிழக்காபிரிக்காவில் வெள்ளம், இந்தோனேசியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வறட்சி, இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கூடுதல் மழை. 2019இல் அவுஸ்திரேலியக் காடுகள் எரிந்ததும் கிழக்காபிரிக்கா வெள்ளத்தில் மூழ்கியதும் இப்படி ஒரு பலமான நேர் இருமுனை வருடத்தில். தலைகீழாகச் சாய்ந்தால் எதிர் இருமுனை. 2016இல் பலமான எதிர் இருமுனை வந்தது. அந்த வருடக் கடைசி மழை ஏமாற்றி, 2017 வரை நீண்ட வறட்சியை நாடு முழுக்கப் பார்த்தோம்.

வெப்பவலயச் சமுத்திரங்களில் வேகமாகச் சூடாவது நம்முடையதுதான். 1951க்கும் 2015க்கும் இடையில் வெப்பவலய இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ ஒரு பாகை சூடாகியது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி உயர்வு 0.7 பாகை. புனேயில் ரொக்சி மத்தியூ கொல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். கடல் நிலத்தைவிட வேகமாகச் சூடாகும்போது நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் குறைகிறது. பருவக்காற்றை இழுப்பதே அந்த வித்தியாசம்தான். எதிர்காலம் பற்றி, அவுஸ்திரேலியாவின் வென்ஜு காயும் சக ஆய்வாளர்களும் 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வாயுக்கள் இப்படியே கட்டுப்பாடின்றிக் கூடினால், 17 வருடத்துக்கு ஒருமுறை வந்த அதிதீவிர நேர் இருமுனை, 6 வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடும் என்று. ஒரு பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போய் சாதாரண தரம் எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறை.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். இந்தப் போக்குகள் மழையை ஒரு பக்கம் சாய்க்கின்றன, கட்டளை போடுவதில்லை. 2025இன் கடைசி மாதங்களில் பசிபிக் லா நினாப் பக்கமும் இந்து சமுத்திரம் எதிர் இருமுனைப் பக்கமும் சாய்ந்திருந்தன. பொதுக்கணக்குப்படி அந்தப் பருவம் நமக்கு மழை குறைய வேண்டும். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மண்சரிவுகள் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயின. ஒற்றைப் புயல் பருவத்தின் சராசரியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. சூடான கடலும் ஈரம் நிறைந்த காற்றும் இருந்தால் அதற்குப் போதும்.

இந்த ஊசலாட்டம் எங்கள் தோட்டத்தில் எப்படித் தெரிகிறது என்று அம்மாவிடம் கேட்டால் போதும். முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். காய்ச்சல் வெயில் நீண்டால் கொழுந்து விடாது, மொட்டு உறங்கிப்போகும். ஒரு மலையைச் சுற்றி வந்தாலும் கூடையில் அடிமட்டம்தான் நிறையும். நிறை குறைந்தால் அரைப்பேர். அதாவது நாள் முழுக்க நின்றதற்கு அரைநாள் சம்பளம். விடாமல் மழையும் மூட்டமும் நின்றால் கொப்புள நோய் வந்து இளம் இலையெல்லாம் புள்ளி விழும். படங்கு கட்டிக்கொண்டு வழுக்கும் சரிவில் நின்று அட்டைக்கடியோடு எடுக்க வேண்டும். "முன்ன எல்லாம் மழைக்கு ஒரு ஒழுங்கு இருந்துச்சு. இப்ப காயுறதுன்னா காயவே காயுது, பெய்யுறதுன்னா பிச்சு ஊத்துது" என்பார். ஒருவரின் ஞாபகத்தை அளவீடாக எடுக்கக்கூடாது, பிள்ளைகளுக்கு அதைத்தான் படிப்பிக்கிறேன். ஆனால் கடலின் கணக்கு எந்தப் பக்கம் போகிறது என்று படித்த பிறகு, அம்மா சொல்வதை இன்னும் கவனமாகக் கேட்கிறேன்.

இவ்வளவு பயங்கரத்துக்கு நடுவில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. கடல் மெதுவாக நகரும். பசிபிக்கின் மேற்கில் காற்று சோர்ந்தால், அங்கிருந்து கிளம்பும் ஆழத்து அலை தென்னமெரிக்காவை எட்ட இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அதனால் எல் நினோவைப் பல மாதங்களுக்கு முன்பே சொல்ல முடிகிறது. மார்ச், ஏப்ரலில் செய்யும் கணிப்பு அடிக்கடி தவறும். அந்தப் பருவத்தில் கடல் எந்தப் பக்கமும் திரும்பலாம். ஜூன் தாண்டி வருவதைக் கூடுதலாக நம்பலாம். வளிமண்டலவியல் திணைக்களம் அடுத்த மூன்று மாதத்துக்கான மழை நிலவரத்தை வெளியிடுகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று தருகிறது. இவை காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கிற கடைசி ஆள் வரைக்கும், நம் மொழியில், விளங்கும்படி வந்து சேர வேண்டும் என்பதே என் ஆசை.

2023 ஜூனில் எல் நினோ வந்துவிட்டது என்று அமெரிக்க நிறுவனம் அறிவித்தது. செப்டெம்பர் 19ஆம் திகதி அவுஸ்திரேலிய வானிலை நிறுவனம் எல் நினோவையும் நேர் இருமுனையையும் ஒரே நாளில் அறிவித்தது. இரண்டும் சேர்ந்தால் ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு என்ன வரும் என்று இதுவரை படித்த உங்களுக்கே தெரியும். அன்று கல்லில் உட்கார்ந்து கேள்வி கேட்ட பிள்ளைதான் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதினாள்: "கடைசி மூணு மாசம் மழை கூட வரலாம். லயத்துக்குப் பின்னால கான் அடைபட்டிருக்கு." தோட்டத் தலைவரிடம் கேட்டுப் பிரட்டுக்களச் சுவரில் ஒட்டினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பத்துப் பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். பின்சுவரை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு மண்ணும் வாழைச்சருகும் அடைத்திருந்த கானை மத்தியானத்துக்குள் வெட்டித் திறந்தார்கள். அம்மா எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டே, மேல்கானையும் பார்த்துவிடச் சொன்னார்.